வேதத்துக்கு எந்த முகம்?

கிளாடிஸை சாந்தோம் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. ஞாயிறு காலைப் பூசையில் பீடத்துக்கு இடப்புறம் ஒரு சின்ன மேடை போட்டிருப்பார்கள். அதன்மேல் கறுப்புச் சேலையில் நின்று, ஃபாதர் வாயால் சொல்வதையெல்லாம் கையால் சொல்கிறாரே, அவர்தான். கைகள் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காகக் கட்டுகிற கறுப்பு அது. விவரம் தெரியாத சிலர் யார் தவறிப்போனார்கள் என்று துக்கம் விசாரித்ததுண்டு. முன்வரிசை பெஞ்சுகள் காது கேளாதவர்களுக்கென்று ஒதுக்கியவை. ஆனால் காது நன்றாகக் கேட்கிறவர்களும் ஃபாதரை விட்டுவிட்டு இவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது ஃபாதருக்கும் தெரியும், கிளாடிஸுக்கும் தெரியும். கிளாடிஸுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அப்பா அகஸ்டினுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ஆகவே வாயால் பேசத் தொடங்குவதற்கு முன்பே கையால் பேசத் தொடங்கிய பிள்ளை கிளாடிஸ். ரேஷன் கடை, டாக்டர், தபால்காரர் என்று வீட்டுக்கு வெளியே இருந்த உலகம் முழுக்க அந்தப் பிள்ளை வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் கொடுத்த புகாரைக்கூட அப்பாவிடம் தானேதான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் குறைக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம்.

வளர்ந்தபின் அதுவே தொழிலாயிற்று. கோர்ட்டு, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கல்யாண மண்டபம் எங்கே கூப்பிட்டாலும் போவார். அந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் யாரோ, அவராகவே ஆகிவிட வேண்டும். 'அவருக்குத் தலைவலியாம்' என்று சொல்லக்கூடாது. தன் தலையைப் பிடித்துக்கொண்டு, தன் முகத்தைச் சுளித்து, எனக்குத் தலைவலி என்றுதான் சொல்லவேண்டும். சைகை மொழியில் பாதி கையில் இருக்கிறது, மீதிப் பாதி முகத்தில் இருக்கிறது. முகத்தை எடுத்துவிட்டால் கேள்விக்கும் பதிலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை ஸ்டேஷனில், செல்போன் திருடிய ஒரு காது கேளாத ஆளுக்காகப் பேசப் போய், "எடுத்தது உண்மைதான் சார், மன்னிச்சிருங்க" என்று கிளாடிஸ் நெஞ்சில் கைவைத்துச் சொன்ன வேகத்தில், ஏட்டு இவர் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

கோயிலில் இந்தச் சட்டம் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அவருக்குப் பொருந்தியது. ஆலயத்து வியாபாரிகளை ஆண்டவர் விரட்டும் நாளில் கிளாடிஸின் கண்ணில் பொறி பறக்கும். கிணற்றடியில் அவர் களைத்து உட்காரும் நாளில் கிளாடிஸின் தோள் தொங்கும். அப்பத்தை உயர்த்தி இது என் உடல் என்று ஃபாதர் சொல்லும்போது கிளாடிஸ் தொடுவது தன் மார்பைத்தான். கடவுளே மனிதனாக வந்து முகம் காட்டியிருக்கிறார், அந்த முகத்தைக் காட்ட நாம் ஏன் கூச்சப்படவேண்டும் என்பது அவர் கட்சி. யாரும் அதற்கு மறுப்பு சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ரூபீனா வந்து சேர்ந்தாள்.

தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் பின்கட்டில், வாங்கிய துணியை அளவு பிடித்துத் தைத்துக் கொடுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. முப்பதைத் தாண்டியவள், பிறவியிலேயே காது கேட்காது. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் சொல்வதை அவளுக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. கிளாடிஸ் போனார். அண்ணன்மார் இருவர் இருந்தார்கள். டாக்டர் பத்து நிமிடம் பேசுவார், அண்ணன் தங்கையிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார், அவ்வளவுதான். வீட்டில் அவளோடு சரிக்குச் சரியாகக் கையால் பேசிய ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார். ஒரு விடியற்காலை அவரும் போய்விட்டார்.

துக்கமெல்லாம் ஓய்ந்தபிறகு ஒருநாள் அவள் கிளாடிஸைத் தேடிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்கு வந்தாள். மாலைக் கூட்டத்தில் இரைச்சல் காதைப் பிளந்தது. அவர்கள் இருவருக்கும் அது ஒரு தடையே இல்லை. ரூபீனா கையால் பேசுவது கிளாடிஸின் மனதுக்குள் எப்போதும் பேச்சுத் தமிழாகத்தான் விழும். நாமும் அப்படியே கேட்போம்.

"அத்தா பக்கத்துல உக்காந்து எல்லாரும் ஓதினாங்க. நானும் உதட்டை அசைச்சேன். சின்ன வயசுலேருந்து அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. என்ன ஓதினாங்க? எனக்குத் தெரியணும்."

அண்ணனைக் கேட்டிருக்கிறாள். அவர் போனில் யாசீன் என்று, குர்ஆனில் அந்த அத்தியாயத்தின் பெயரை, எழுதிக் காட்டியிருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, நல்லதுதான் என்று எழுதியிருக்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். எழுத்துத் தமிழ் அவளுக்கு இரண்டாம் மொழி. அதுவும் அந்தப் புத்தகத்தின் நீண்ட தமிழ் அவளை இரண்டு பக்கத்துக்கு மேல் விடவில்லை.

'நல்லதுதான்' என்ற அந்த ஒற்றைச் சொல் கிளாடிஸுக்குச் சுரீரென்றது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊரார் வாழ்நாள் முழுக்கக் கொடுத்தது அதைத்தான். மணிக்கணக்காகப் பேசிச் சிரித்துவிட்டு, என்ன விஷயம் என்று அவர்கள் கேட்டால், ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே கிடையாது. செத்துக்கொண்டிருந்த தகப்பனின் காதில் ஓதியது என்ன என்று கேட்கிற மகளுக்கும் அதே பதில்தானா? கிளாடிஸுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் வேலை செய்வார்.

முனவ்வரா என்று ஒரு ஆலிமா, அதாவது மார்க்கம் படித்துப் பட்டம் வாங்கிய பெண், பெண்களுக்கு குர்ஆன் வகுப்பு நடத்துகிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்தார். கிளாடிஸைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். கேட்டதுமே சரி என்றார். தன் வகுப்புக்கு இதுவரை காது கேளாத ஒரு பெண்கூட வரவில்லையே என்று தான் யோசித்ததே இல்லை என்றும் வெட்கத்தோடு சொன்னார். தி. நகரில் ரெடிமேட் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் கடையின் மாடி ஹாலை ஞாயிறு மதியம் திறந்துவிட்டார். ரூபீனா தன் தோழிகளைத் திரட்டினாள். முதலில் நபிமார்கள் வரலாறு, அது பழகியதும் யாசீன் என்று முடிவாயிற்று.

காலையில் சாந்தோமில் பூசை, மதியம் தி. நகரில் குர்ஆன். கிளாடிஸின் கணவர் எரிக், கிண்டியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். மனைவிக்கு இரண்டு ஷிஃப்ட்டு போட்டுவிட்டார்கள் என்று ஃப்ளாட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிட்டது. கிளாடிஸின் பைபிளில் பென்சில் குறி இல்லாத பக்கம் கிடையாது. எங்கே நிறுத்துவது, எங்கே திரும்புவது என்று ஓரமெல்லாம் கிறுக்கி வைத்திருப்பார். இங்கேயும் பென்சிலை எடுத்தார். ஆலிமா மெல்லத் தடுத்து, அரபி இல்லாத தனித் தமிழ்ப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். இதில் எவ்வளவு வேண்டுமானாலும் குறித்துக்கொள்ளுங்கள், இது பொருள் மட்டும்தான், குர்ஆன் அது இல்லை என்றார். தமிழில் இருந்தால் அது பைபிள் இல்லை என்று யாராவது சாந்தோமில் சொல்லியிருந்தால் கிளாடிஸ் சண்டைக்குப் போயிருப்பார். இங்கே தலையாட்டிக்கொண்டார். தலையாட்டினாரே ஒழிய, அது மண்டைக்குள் இறங்கவில்லை.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ மூஸா நபியின் கதை வந்தது. மூஸா என்றால் நம் மோசே. ஆடு மேய்த்தவர், தூரத்தில் நெருப்பைப் பார்த்தவர், செருப்பைக் கழற்றியவர். தெரிந்த கதைதானே என்று கிளாடிஸுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ஆடு மேய்ப்பவராக நடந்தார், நெருப்பைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார், செருப்பைக் கழற்றினார். பெண்கள் இமைக்காமல் பார்த்தார்கள். ஆலிமா அரபியில் ஓதி, தமிழில் பொருள் சொன்னார். நானே அல்லாஹ், என்னையே வணங்கு என்று இறைவன் மூஸாவிடம் சொல்லும் இடம் அது. கிளாடிஸ் பக்கவாட்டில் திரும்பி, முதுகை நிமிர்த்தி, முகத்தைக் கம்பீரமாக்கிக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டு, அதை அப்படியே சொன்னார். ஒரு சொல் குறைக்கவில்லை.

காது கேளாத பெண்கள் அத்தனை பேருக்கும் புரிந்தது. வகுப்பு தொடங்கியதிலிருந்து அவ்வளவு நன்றாக எதுவும் புரிந்ததில்லை. ஆனால் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு தாயார் அதைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் காட்டத்தான் பிடித்தார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அது சொந்தக்காரர்கள் குழுவுக்குப் போயிற்று, அங்கிருந்து வேறு குழுக்களுக்குப் போயிற்று. சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு அம்மா நெஞ்சைத் தொட்டுக்கொண்டு தன்னையே அல்லாஹ் என்கிறார் என்று மறுநாள் காலைக்குள் பல போன்களில் அது ஓடியது.

ஹாஜியார் நல்ல மனிதர். ஆலிமாவையும் கிளாடிஸையும் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, குளிர்பானம் வரவழைத்து, அது சூடாகும்வரை பேச்சையே எடுக்காமல் தடுமாறினார். கடைசியில் சொன்னது இதுதான். கிளாடிஸின் மனசு தனக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பலபேர் போன் போட்டுவிட்டார்கள். இன்னொரு ஞாயிறு நடத்திப் பாருங்கள், தன் வீட்டம்மா வந்து உட்காருவார், அவருக்குத் தப்பாகப் பட்டால் ஹால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

யாசீன் இன்னும் தொடங்கவே இல்லை. விஷயத்தை கிளாடிஸ் ரூபீனாவிடம் சொன்னார். அவள் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது கேளாதவர் கையை மடியில் போட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டார் என்று பொருள். கிளாடிஸுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டில் எரிக் வழக்கம்போல ஆரம்பித்தார். "இன்னா கிளாடி, ஸ்டேஷன்ல திருடனா இருந்தே. இப்ப நேரா கடவுளாவே பிரமோஷன் வாங்கிட்ட போல கீது." கிளாடிஸ் சிரிக்கவில்லை. எரிக் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

கிளாடிஸ் முதலில் எடுத்த வழி எளிய வழி. முகம்தானே பிரச்சினை, முகத்தை எடுத்துவிடலாம். கண்ணாடி முன் நின்று, முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டிப் பழகினார். ரூபீனாவை வரவழைத்துச் செய்துகாட்டினார். ரூபீனா கொஞ்சநேரம் பார்த்தாள், பிறகு கையை நீட்டி கிளாடிஸின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த பிளாட்பாரம் என்று ஓடுகிற பலகை மாதிரி இருக்கிறதாம். இறைவன் கேட்கிறானா, எச்சரிக்கிறானா, ஆறுதல் சொல்கிறானா, ஒன்றுமே தெரியவில்லையாம். இதற்கு அண்ணன் எழுதிக் காட்டிய 'நல்லதுதான்' எவ்வளவோ மேல் என்றாள்.

அதற்குமேல் கிளாடிஸால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஆலிமாவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள்ளாகவே தன் வழக்கை வைத்துவிட்டார்.

"நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஓதுறவரும் அதையேதானே சொல்றாரு? நானே அல்லாஹ்ன்னு அவரும் வாயால சொல்லத்தானே செய்யுறாரு? அவரை யாரும் இன்னான்னு கேக்கலையே. என்னை மட்டும் ஏன் கேக்குறாங்க?"

அது நல்ல கேள்வி என்பது ஆலிமாவின் முகத்திலேயே தெரிந்தது. சமோசாத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார், டீ ஊற்றினார், பிறகு எதிரே உட்கார்ந்தார்.

"நல்லா ஓதுற ஒருத்தரோட முகத்தை எப்பவாவது பாத்திருக்கீங்களா அக்கா? தண்டனையைப் பத்தி வசனம் வந்தா அவர் மிரட்ட மாட்டார். அழுவார். அவர் வாயிலேருந்துதான் வருது. ஆனா அதை மொதல்ல கேக்குறவரும் அவர்தான்."

கிளாடிஸ் கடித்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார்.

அதன்பிறகு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். தங்கள் நபிக்கு வந்தது வார்த்தை, வார்த்தையாகவே வந்தது என்றார் ஆலிமா. ஜிப்ரீல் என்ற வானவர் கொண்டுவந்து ஓதிக்காட்டினார், நபி கேட்டார், கேட்டதை ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல் ஓதினார். அது நபி எழுதிய நூல் அல்ல, நபியைப் பற்றிய நூலும் அல்ல. அவரையே கண்டிக்கிற வசனங்கள்கூட அதில் இருக்கின்றன, அதையும் அவரே ஓதினார். அந்த ஓசையோடும் அந்த அரபியோடும் இறங்கியதுதான் குர்ஆன். அதனால்தான் தமிழைப் பொருள் என்கிறோம், வேதம் என்பதில்லை.

அந்த வானவரை எங்களுக்கும் தெரியும், நாங்கள் கபிரியேல் என்போம், அவர் எங்களிடம் வந்தது நாசரேத்தில் ஒரு பெண்ணிடம் என்றார் கிளாடிஸ். அவள் ஆகட்டும் என்றதும் வார்த்தை அவள் வயிற்றில் பிள்ளையாயிற்று. பசித்தது, அழுதது, செத்தது, எழுந்தது. பார்த்தவர்களும் பார்த்தவர்களிடம் கேட்டவர்களும் பிறகு எழுதினார்கள். மத்தேயு ஒருமாதிரி எழுதினார், லூக்கா ஒருமாதிரி எழுதினார். தூய ஆவி தூண்டித்தான் எழுதினார்கள் என்றாலும் நடை அவரவர் நடைதான், ஒருவர் சொன்னதை ஒருவர் விட்டுமிருக்கிறார். அதற்காகச் சாந்தோமில் யாரும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை. கடவுள் கடைசியாகத் தன்னைக் காட்டியது புத்தகத்தில் அல்ல, ஒரு ஆளில். அந்த ஆளைப் பற்றித் தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் கையால் சொன்னாலும் அது முழு வேதம்தான்.

இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே கிளாடிஸுக்கு எதுவோ பிடிபட்டது.

"நான் இவ்ளோ நாளா பைபிளையும் குர்ஆனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கினு இருந்தேன் ஆலிமா. அதான் தப்பு. குர்ஆன் பக்கத்துல நான் வைக்கவேண்டியது இயேசுவை."

அப்படியானால் பைபிளை எங்கே வைப்பீர்கள் என்று ஆலிமா கேட்டார். நபியைப் பார்த்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்லிவைத்ததாக நீங்கள் ஹதீஸ் என்று வைத்திருக்கிறீர்களே, அதற்குக் கிட்டத்தில் எங்காவது வைக்கலாமோ என்றார் கிளாடிஸ். எதற்கும் உங்கள் ஃபாதரைக் கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆலிமா சிரித்தார். கடவுள் மனிதனாக வந்தார் என்பதைத் தன்னால் ஒருநாளும் ஒப்ப முடியாது, இயேசு, தாங்கள் ஈஸா என்பவர், தங்களுக்கு நபி மட்டும்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த இடத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று கிளாடிஸும் சொல்லிவிட்டு, பாதியில் வைத்த சமோசாவை எடுத்துத் தின்று முடித்தார். இருவருக்கும் மனசு நிறைந்திருந்தது.

ஆக, முகம் வேண்டும். ஆனால் அது சொல்கிறவனின் முகமாக இருக்கக்கூடாது, கேட்கிறவனின் முகமாக இருக்கவேண்டும். கிளாடிஸ் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ரூபீனாவை மறுபடி வரவழைத்தார். கைகளை நெற்றிக்குமேல் ஓரிடத்துக்கு உயர்த்தி, வார்த்தை அங்கிருந்து வருவதாகக் காட்டி, அதைக் கேட்டு நடுங்குகிற முகத்தோடு செய்துகாட்டினார். கைதேர்ந்த வேலை. அவருக்கே கண் கலங்கிவிட்டது.

ரூபீனா பார்த்தாள். நன்றாக இருக்கிறது, தெளிவாகப் புரிகிறது என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கினாள். கிளாடிஸ் விடவில்லை, என்ன குறை என்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார்.

"நீங்க கேக்குற மாதிரி நடிக்கிறீங்க. கேக்கவேண்டிய ஆள் நீங்க இல்ல, நான். நீங்க எனக்குச் சொல்லுங்க. நான் கேட்டு அவங்களுக்குச் சொல்றேன்."

கிளாடிஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் வலித்தது. அப்படி ஒரு முறை இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. காது கேட்கிற ஒருவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சொல்வார். காது கேளாத ஒருவர் அதைப் பார்த்து, தன் சொந்த மொழியில் கூட்டத்துக்குச் சொல்வார். கோர்ட்டில் கிளாடிஸே அப்படிச் செய்ததுண்டு. ஆனால் மேடையில் நின்று பழகிய உடம்பு. இவ்வளவும் ஓடியாடி ஏற்பாடு செய்தது யார்? இந்த வழியைக் கண்டுபிடித்தது யார்? இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார் என்கிறாள் இவள்.

ஜன்னல் பக்கம் போய் நின்றார். எதிர்த்துப் பேச ஒரு வாதம் கிடைக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. ரூபீனா சொன்னது சரி. கிளாடிஸுக்கு எத்தனையோ குறை உண்டு, சரியானதைச் சரியில்லை என்று சொல்லும் குறை மட்டும் கிடையாது. திரும்பி வந்து, நாற்காலியை எங்கே போடவேண்டும் என்று கேட்டார்.

யாசீனையே நேராகத் தொடங்கிவிடுவது என்று மூவருமாக முடிவு செய்தார்கள். சாவி போவதானால் அத்தாவுக்கு ஓதியது என்ன என்று தெரிந்தபின் போகட்டும் என்றாள் ரூபீனா. வாரம் முழுக்க வேலை முடிந்து மூவரும் கூடிப் பழகினார்கள். பழகியது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது.

ஹாலில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். ஓதுவதற்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்த ஈரக் கைகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஹாஜியார் வீட்டம்மா பின்னால் சுவரோரம் நாற்காலியில், போனைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு இருந்தார். ரூபீனா கூட்டத்தைப் பார்த்து நின்றாள். கிளாடிஸ் அவளுக்கு எதிரே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் ஆலிமா. கூட்டத்துக்கு கிளாடிஸின் கொண்டை மட்டும்தான் தெரிந்தது.

ஆலிமா ஓதினார், பொருள் சொன்னார், கிளாடிஸின் கைகள் மடிக்கு மேலே சின்னதாக அசைந்தன. ரூபீனா அதைப் பார்த்தாள். பிறகு நெற்றிக்குமேல் கையைக் கொண்டுபோய், அங்கிருந்து இறக்கி, தன் நெஞ்சில் வாங்கி, கூட்டத்துக்குக் கொடுத்தாள். செத்துக்கிடந்த நிலம் உயிர்த்துத் தானியம் தந்தது. பகல் உரிந்து இரவு வந்தது. சூரியன் தன் பாதையில் போயிற்று, சந்திரன் தேய்ந்து தேய்ந்து காய்ந்த பேரீச்சங்குலையின் காம்பாக வளைந்தது. ஒவ்வொன்றையும் கேட்டு வியந்த முகம் அவள் முகம். அதில் ஒரு துளி நடிப்பில்லை, ஏனென்றால் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளாடிஸுக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது. மேடையில் நின்றிருந்தால் இது கிடைத்திருக்காது. ஹாஜியார் வீட்டம்மா எப்போது போனைப் பைக்குள் போட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை.

பழகிய பகுதி முடிந்தது. நிறுத்திவிடலாமா என்று ஆலிமா பார்வையால் கேட்டார். ரூபீனா நிறுத்தவில்லை, மேலே ஓதுங்கள் என்றாள். எக்காளம் ஊதப்பட்டது, மண்ணறைகளிலிருந்து மக்கள் எழுந்து ஓடினார்கள். ஆலிமா அடுத்ததை ஓதி, பொருளைச் சொல்லப் போனவர் தயங்கி, கிளாடிஸைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அந்த நாளில் மனிதர்களின் வாய்களுக்கு முத்திரை வைத்துவிடுவதாக இறைவன் சொல்கிறான். அன்றைக்கு அவர்களுடைய கைகள்தான் அவனிடம் பேசும்.

கிளாடிஸின் கைகள் நின்றுவிட்டன. அவர் தொழிலில் அப்படி நின்றதே கிடையாது. ரூபீனா என்ன என்று கேட்டாள். கிளாடிஸ் சொன்னார். ரூபீனா நம்பாமல் இன்னொருமுறை கேட்டாள். கிளாடிஸ் இன்னொருமுறை சொன்னார்.

ரூபீனா கூட்டத்தின் பக்கம் நிமிர்ந்தாள். மேலிருந்து வாங்கினாள். உதடுகளை இறுக்கி மூடி முத்திரை வைத்தாள். கைகள் பேசும் என்று கைகளால் சொன்னாள். முதல் வரிசையில் ஒருத்தி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அழுதாள். ஹால் முழுக்கக் கைகள் எழுந்து ஒருவருக்கொருவர் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டன.

ஆலிமா மார்க்கம் படித்தவர், உள்ளதை உள்ளபடிதான் சொல்வார். இது எச்சரிக்கை, மகிழ்ச்சிக்குச் சொன்னது இல்லை, ஒவ்வொருவரும் இந்த உலகத்தில் தன் கைகளால் என்ன செய்தார் என்பதற்கு அந்தக் கைகளே சாட்சி சொல்லும் என்று விளக்கினார். கிளாடிஸ் அதையும் சொன்னார். ரூபீனா கேட்டுக்கொண்டாள். பிறகு கூட்டத்தை விட்டுவிட்டு ஆலிமாவைப் பார்த்துத் திரும்பினாள். அத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஓதியதில் இதுவும் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றார் ஆலிமா, யாசீன் முழுக்கத்தான் ஓதுவார்கள்.

ரூபீனாவின் கைகள் ஏதோ சொல்லின. சுவரோரம் இருந்த ஹாஜியார் வீட்டம்மாவுக்கு அது புரியவில்லை. எழுந்து இரண்டடி முன்னே வந்து, பொண்ணு என்னம்மா சொல்லுது என்று கேட்டார். கிளாடிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து, முதல்முறையாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, அதை வாயால் சொன்னார்.

"அப்ப எங்க அத்தாவுக்குப் பயம் இல்ல. அவர் கை என்ன சாட்சி சொல்லும்னு எனக்குத் தெரியும். அந்தக் கைக்குப் பேசக் கத்துக்குடுத்ததே நான்தான்."